‘வழங்கலாம்’: வீட்டுமனைக்கும் வாடகைக்கும் நாம் எழுதிய மனுக்களின் வரலாறு

1917-ல் அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். கணக்குத் துறையில் வேலை தயாராக இருந்தது, தங்க இடம்தான் இல்லை. இந்து விடுதி எதுவும் இடம் தராது என்பதால் ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரையும் கிறித்தவ நண்பர் ஒருவரையும் கேட்டுப் பார்த்தார். இருவரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். காமாட்டிபாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

இந்தக் கதையை நம்மில் பலரும் மேடையில் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போது தவறவிடும் ஒரு விவரம் உண்டு. ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன் குறிப்புகளில் அம்பேத்கரே அதை எழுதியிருக்கிறார். விடுதியில் இருந்த அந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. அரசு பங்களா ஒன்று ஒதுக்கித் தரும்படி மனு கொடுத்திருந்தார். திவானுக்கு அது அவசரமான விஷயமாகப் படவில்லை. மனு ஒரு அதிகாரியிடமிருந்து இன்னொரு அதிகாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பதில் வருவதற்குள் தடிகள் வந்துவிட்டன.

அவர் மனுவை யாரும் நிராகரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிராகரித்திருந்தால் அதற்கு ஒரு காரணம் எழுத வேண்டியிருந்திருக்கும். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்ற இடத்தில் மனு கிடந்தது. அரசாங்க மொழியில் அந்த இடத்துக்கு ‘விருப்புரிமை’ என்று பெயர். விருப்பம் அவர்களுடையது. உரிமையும் அவர்களுடையதே.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அறை தேடி அலையும் நம் மாணவர்களுக்காகவே இந்த வரலாற்றை எழுதுகிறோம். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ராஜபாளையம் மில் ஊர். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து வேலைக்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர், கோர்ட் ஊர். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இங்கேதான் இருக்கிறது. மில்லுக்கு வருகிறவர், கேஸுக்கு வருகிறவர், படிக்க வருகிறவர் என எல்லோருக்கும் ஒரு வளவு வீடோ மாடி அறையோ வேண்டும். வீட்டுக்காரம்மா முதலில் அன்பாகத்தான் பேசுவார். “எந்த ஊரு தம்பி?” என்பார். சொன்னால், “அங்க எந்தத் தெரு?” என்பார். அதையும் சொல்லிவிட்டால், “நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு” என்ற பதில் வரும். சில வீடுகளில் இத்தனை கேள்விகூடக் கிடையாது. ‘சைவம் மட்டும்’ என்று வாசலில் தொங்கும் அட்டை எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும்.

அப்படி மறுப்பது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. “நேத்துத்தான் அட்வான்ஸ்” என்ற வாக்கியத்தின் மேல் இந்தப் பிரிவைப் போட்டு நிரூபிப்பது எப்படி என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நாம் கேட்பது அடுத்த கேள்வி. வீடு கிடைத்தபின் வாடகை கட்ட முடியாமல் போனால், நம் ஆட்களுக்கு அரசு எப்போதாவது கைகொடுத்திருக்கிறதா?

வாடகைக்கு என்று பார்த்தால், கிட்டத்தட்ட இல்லை. நமக்காக அரசு யோசித்ததெல்லாம் மனையைப் பற்றித்தான். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதிலிருந்து 1892 செப்டம்பரில் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் மூலம். நிலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதே அறிக்கையில் அவர் குடிசை நின்ற மண்ணைப் பற்றியும் எழுதினார். சேரி இருக்கும் இடமே தங்களுடையது என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி கூட்டிக் கேட்டால், வேறொருவர் வயலுக்கு வேலைக்குப் போனால், ஞானஸ்நானம் வாங்கினால், “குடிசையைப் பிரி” என்று சொல்ல முடிந்தது. மாதாமாதம் காசாகக் கொடுத்தால்தானா வாடகை? பணிவும் வாடகைதான். நம் பாட்டன் பூட்டன்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் கட்டிவந்தார்கள்.

அதனால்தான் 1920-களில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையரின் துறை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான வேலைகளை எடுத்துக்கொண்டபோது, கிணறு, பள்ளிக்கூடம் இவற்றோடு வீட்டுமனை பெரிய வேலையாக இருந்தது. 1894-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி அரசு மனையை எடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மனைக்கான விலையை நம் ஆட்களிடமே தவணையில் வாங்கிக்கொண்டது. கல்வெட்டிலும் கொடியேற்று உரையிலும் ‘அரசு வழங்கியது’ என்று வரும் பல மனைகளுக்குக் கூலிக்காரர்கள் தங்கள் கைக்காசைக் கட்டியிருக்கிறார்கள். கடனைக் கருணை என்று எழுதும் பழக்கம் அப்போதே இருந்தது.

மனு எழுதாமலே கிடைத்த உரிமை ஒன்றும் உண்டு. 1961-ல் குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து, 1971-ல், தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று விவசாயத் தொழிலாளி எந்தக் குடியிருப்பு மனையில் குடியிருந்தாரோ அந்த மனை வில்லங்கம் ஏதுமின்றி அவருக்கே சொந்தம் என்று அது சொன்னது. ‘சொந்தமாக்கலாம்’ என்று சொல்லவில்லை. ‘சொந்தமாகும்’ என்றது. வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு அப்போது மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. செங்கொடிச் சங்கம் கட்டிக் கூலிக்காகப் போராடிய மண்ணிலிருந்து எழுந்த கேள்விகளுக்கு அது ஒரு பதில் என்றே நாம் வாசிக்கிறோம். சட்ட மொழியில் ‘லாம்’ போய் ‘உம்’ வருவதற்கு எத்தனை பேர் சாக வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்கிறோம்.

ஆனால் அந்தச் சட்டம் விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் மட்டும்தான். மில்லில் வேலை செய்தவர், முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்தவர், சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணி நெய்தவர் யாரும் அதில் இல்லை. அவர்கள் டவுன் வாடகைதாரர்கள். அவர்களுக்கு 1960-ன் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. சந்தோஷப்படுவதற்குள், ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால்’ என்ற வால் வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தை எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

1974-ல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலை தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவது. கூரை எரிவதும் கூரையை எரிப்பதும் அந்த அளவுக்கு நடந்தன. 1978-ல் நம் மக்களுக்கான திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் சட்டம் விழுந்தது. 1994 நவம்பரில் ஆனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி நிறுத்தியது. இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கலாம் என்ற பகுதியை மட்டும் நீக்கியது. நிலக்காரருக்குத் தவணை அநியாயமாம், ஒரே தடவையில் கொடுக்க வேண்டுமாம். எழுபது ஆண்டுக்கு முன் மனை வாங்கிய கூலிக்காரருக்குத் தவணை ‘சலுகை’யாக இருந்தது! ஒரே சொல்தான், யார் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

இந்த ஊர்களுக்கே உரிய ஒரு முரணையும் சொல்லிவிடலாம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ்.குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அந்தப் பெருந்தன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. கொடுப்பதற்கு வீடு இருந்தவர் கொடுத்தார். 2008-ல் தொகுதிகளை மாற்றியமைக்கும்வரை ராஜபாளையம் தனித்தொகுதி. 2011 தேர்தலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இரண்டும் சேரும் தென்காசி மக்களவைத் தொகுதியும் தனிதான். நம் பிரதிநிதிகள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போயிருக்கிறார்கள். வாடகை பற்றிய கேள்வி அவர்களோடு போனதா என்று அவரவர் தொகுதியில் கேட்டுப் பாருங்கள்.

ஏன் கேட்க வேண்டும் என்றால், மனைக் கணக்கு இன்று தீர்ந்துவிட்டது. காலனியில் தாத்தா பெயரில் மூன்று சென்ட் பட்டா. தாத்தாவுக்கு மூன்று மகன்கள். ஒரு மகன் அந்த வீட்டில் இருக்கிறார், மற்ற இருவர் டவுனில் வாடகைக்கு. பேரன் பேத்திகள் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். அரசாங்கக் கோப்பில் இது ‘வீட்டுமனை வழங்கப்பட்ட குடும்பம்’. மறுபடி மனு கொடுத்தால், “உங்க குடும்பத்துக்குத்தான் ஏற்கெனவே குடுத்தாச்சே” என்பார்கள்.

மாணவர் விஷயத்துக்கு வருவோம். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு நீண்ட மனுவை லின்லித்கோவிடம் கொடுத்தார். பரோடாவில் அலைந்த மனுவுக்கும் இதற்கும் இடையில் இருபத்தைந்து ஆண்டு. இந்த முறை மனு கொடுத்தவர் அதிகார மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன் விளைவுகளில் ஒன்று, 1944-ல் தொடங்கிய பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை. இன்று நம்மில் பெரும்பாலோர் படித்தது அதில்தான்.

அந்த உதவித்தொகையில் இரண்டு வகை மாணவர்கள் உண்டு. விடுதியில் தங்குபவர், வீட்டிலிருந்து வருபவர். 2021-ல் மாற்றிய விகிதப்படி சாதாரணப் பட்டப்படிப்பில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 13,500-ம் 7,000-ம். ராஜபாளையத்தில் ஒரு மாடி அறைக்கு இந்தப் பணம் எத்தனை மாதம் வரும் என்ற கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இப்போது கேள்வி: விடுதியில் இடம் கிடைக்காமல் வாடகை அறையில் இருக்கும் மாணவர் எந்த வகை? வீட்டிலிருந்து வருபவர் என்றுதான் கல்லூரி அலுவலகத்தில் டிக் அடிப்பார்கள். வீட்டிலும் இல்லாமல் விடுதியிலும் இல்லாமல் செலவு மட்டும் அதிகமாக இருப்பவருக்குக் குறைந்த தொகை.

ஆனால் 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகளைத் திறந்து பாருங்கள். விடுதி என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கல்லூரி தன் விடுதியில் இடம் தர முடியாவிட்டால், அங்கீகரிக்கப்பட்ட வேறு தங்குமிடத்தையும் விடுதியாகக் கருதலாம். கல்லூரி முதல்வர் பார்வையிட்டு ஏற்க வேண்டும். விடுதியில் இடமில்லாததால் இந்த மாணவர் இன்ன இடத்தில் தங்கியிருக்கிறார் என்று சான்று தர வேண்டும். குறைந்தது ஐந்து மாணவர்கள் சேர்ந்து எடுத்த வாடகை இடமாக, பெரும்பாலும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் ஏற்பாட்டோடு இருக்க வேண்டும்.

ஐந்து பேர், ஒரு வாடகை வீடு, ஒரு அடுப்பு, முதல்வர் கையெழுத்து. இவ்வளவு இருந்தால் விதியின்படி அது விடுதி. அந்த விதிகளின் காலத்தில் பொறியியல் மாணவருக்கு மாதம் 550 ரூபாய் என்பது 1,200 ஆகியிருக்கும், பட்டப்படிப்பு மாணவருக்கு 300 என்பது 570 ஆகியிருக்கும். இதைப் பயன்படுத்தியவர்களை விரல்விட்டு எண்ணக்கூட எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. இப்படி ஒரு வரி இருப்பதே நம் பையன்களுக்கும் பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லாத சேதி. அந்த வரியிலும் பாருங்கள், ‘கருதலாம்’. முதல்வர் வந்து பார்க்கவில்லை என்றால் அந்த வீடு விடுதி ஆகாது. ஏன் வரவில்லை என்று அவரை யாரும் கேட்க முடியாது.

இதை ‘லாம்’ இல்லாமல் எழுத முடியாதா? மகாராஷ்டிரா எழுதியிருக்கிறது. 2016–17 கல்வியாண்டுக்காக அங்கே தொடங்கிய பாரத ரத்னா டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ஸ்வாதார் திட்டம், அரசு விடுதியில் இடம் கிடைக்காத பட்டியல் சாதி, நவபௌத்த மாணவர்களுக்கானது. மும்பை, புனே போன்ற நகரங்களில் சாப்பாட்டுக்கு 32,000, தங்குமிடத்துக்கு 20,000, மற்ற செலவுக்கு 8,000, ஆக ஆண்டுக்கு 60,000 ரூபாய். மற்ற மாநகராட்சி ஊர்களில் 51,000. அதற்கும் சிறிய ஊர்களில் 43,000, அதில் தங்குமிடத்துக்கு மட்டும் 12,000. பணம் தாமதமாக வருகிறது என்று அங்குள்ள மாணவர்கள் போராடுகிறார்கள், அது வேறு. போராட ஒரு தொகை எழுத்தில் இருக்கிறது. வாடகை என்று தனி வரி போட்டு, விடுதி தர முடியாதது அரசின் குறை, மாணவரின் குறை அல்ல என்று ஒரு மாநிலம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. பிரிட்டனில் 2001 முதல், அரசு தரும் வீட்டு உதவி வாடகைக்குப் போதாதவர்கள் உள்ளாட்சி மன்றத்திடம் விருப்புரிமை உதவித்தொகை கேட்டு மனு போடலாம். மன்றம் தரலாம், தராமலும் இருக்கலாம். 2013-ல் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் உதவியை வெட்டுவது என்று லண்டன் அரசு முடிவெடுத்தது. மக்கள் அதற்கு ‘படுக்கையறை வரி’ என்று பேர் வைத்தார்கள். ஸ்காட்லாந்து அரசு என்ன செய்தது என்றால், 2014 முதல் அதே விருப்புரிமை நிதிக்குள் போதுமான பணத்தைப் போட்டு, அந்த வெட்டை முழுசாக ஈடுகட்டியது. சட்டத்தில் ‘லாம்’ அப்படியே இருந்தது. பணமும் அரசியல் மனமும் இருந்ததால் நடைமுறையில் அது ‘உம்’ ஆகிவிட்டது.

நம் கையில் ஏற்கெனவே ஒரு ‘உம்’ இருக்கிறது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலுக்கு வருகிறவர்களுக்கானது. 1990-களில் தென்மாவட்டங்கள் எரிந்ததை மூத்த தோழர்கள் மறக்க மாட்டார்கள். 1995-ல் கொடியங்குளம். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்தார்கள். அதற்குப் பின் வந்த சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது நமக்கு. தாக்கப்பட்ட குடும்பம் ஊரில் இருக்க முடியாமல் முதலில் வருவது பக்கத்து டவுனுக்குத்தான். வீடு எரிந்திருந்தால் அரசு செலவில் செங்கல் வீடோ கல் வீடோ கட்டித்தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள் சொல்கின்றன. கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பது, அந்த வாடகையை யார் கொடுப்பது?

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவைப் படியுங்கள். வழக்கை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் பாதிக்கப்பட்டவருக்கும், அவரைச் சார்ந்தவருக்கும், தகவல் கொடுத்தவருக்கும், சாட்சிக்கும் முழுப் பாதுகாப்பு தர வேண்டும். விசாரணைக் காலம் முழுக்கப் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும். சமூகப் பொருளாதார மறுவாழ்வு தர வேண்டும். வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும். ‘வாடகை’ என்ற சொல் அதில் இல்லை. ஆனால் வேறிடத்தில் குடியமர்வது என்றால் வாடகை இல்லாமல் எப்படி? பராமரிப்புச் செலவு என்றால் சோற்றுக்கு மட்டுமா, கூரைக்கு இல்லையா? இந்த வாதத்தை மனுவாக எழுதி நீதிபதி முன் வைக்க வேண்டியது வழக்கறிஞர் மட்டுமல்ல, சட்டம் படிக்கும் நம் மாணவர்களும்தான்.

மற்றவர்களுக்கு மிஞ்சுவது திங்கள்கிழமை. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுக்கும் மனு. ஆட்சியரிடம் தன்விருப்ப நிதி என்று ஒன்று இருக்கிறது. பெயரிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து தையல் மிஷினும் மருத்துவச் செலவும் படிப்புச் செலவும் கொடுத்ததைப் படத்தோடு பத்திரிகையில் பார்க்கிறோம். கேட்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பசித்தவர் கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் நம் வேலை இருக்கிறது.

‘ஏழை மாணவன், கருணை கூர்ந்து’ என்று தொடங்கும் மனுவுக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. விடுதிக்கு விண்ணப்பித்த தேதி, இடமில்லை என்று சொன்ன பதில், மாத வாடகை எவ்வளவு, உதவித்தொகையில் எந்த வகையில் போட்டிருக்கிறார்கள், எந்த விதியின் எந்தப் பத்தி என்று எழுதிய மனு வேறு மாதிரி. அதை நிராகரிக்க ஒருவர் உட்கார்ந்து காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் வாங்கலாம், அதன்மேல் மேல்முறையீடு போகலாம். விடுதியில் இடமில்லை என்பதை வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் கேளுங்கள், ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். வாடகைக்கு ரசீது வாங்குங்கள். வீட்டுக்காரர் ரசீது தராவிட்டால் வங்கிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்புங்கள். அதுவே சாட்சி. ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து மனுவும் ஒரே நாளில் போகட்டும்.

வருகிற ஜூன் மாதம் சேர்க்கை முடிந்ததும், இரண்டு ஊர்களிலும் வாடகை அறையில் இருக்கும் நம் மாணவர்களின் கணக்கை எடுக்கப் போகிறோம். எத்தனை பேர், என்ன வாடகை, எத்தனை பேருக்கு விடுதி மறுக்கப்பட்டது என்று. அதற்கு முன், அந்தக் கல்வியாண்டுக்கான உதவித்தொகை விதிகளில் ‘விடுதி’ என்பதற்கு என்ன விளக்கம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கணக்கெடுக்க வரும் தோழரிடம் மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டின் நகலும் கொடுங்கள்.